பெருக்கி வைத்த புஞ்சை

காப்பிச் செடியைக் கவாத்து செய்வதென்றால் முழங்கால் உயரத்தில் சாய்வாக ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு விழுந்தால் தண்டு சிம்பு சிம்பாகப் பிளந்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிச் செடி அழுகிப்போகும். ரோஃபினா பதினேழு செடிகளைப் பதினேழு வெட்டில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள். கீழே மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த எடெல் கையில் கிழங்கோடு நின்று பார்த்தாள்.

"ஏண்டி, கொப்புல காய் கிடக்கே. அதையும் சேத்தா வெட்டுவே?"

"நாலு காய்க்காக இதுகளைப் பரட்டைத் தலையா விட்டு வைக்கச் சொல்றியாக்கா? வர்றவன் என்ன நினைப்பான்? ஆம்பளை இல்லாத புஞ்சை, அதான் இந்த லட்சணம்னு நினைப்பான்."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறான். உன்னையப் பொண்ணு பாக்கவா வர்றான்?"

பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அன்று செவ்வாய்க்கிழமை. ரோஃபினாவின் புஞ்சையில் பதினான்கு பேர் இறங்கியிருந்தார்கள். ஃப்ளோரஸ் தீவின் மலைகளில் இது முறைவேலை. இன்று என் புஞ்சையில் நீ, நாளை உன் புஞ்சையில் நான். கூலி கிடையாது. புஞ்சைக்காரர் மதியச் சோறும் சாயங்காலம் ஒரு மூங்கில் குழாய் பனங்கள்ளும் தர வேண்டும். உண்மையில் அன்றைய முறை எடெலுடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரோஃபினா அவள் வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சி வாங்கியிருந்தாள். உனக்கு ரெண்டு மகனுங்க இருக்காங்க அக்கா, எனக்கு யார் இருக்கா என்று அவள் கேட்டபோது எடெல் மறுபேச்சுப் பேசாமல் தன் முறையை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிக்கொண்டாள்.

கோலோ ரெந்தாங் ஊரின் பள்ளத்து நிலம் வட்டமானது. நடுவில் ஒரு கட்டை. அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எல்லைகள் கிளம்பி விளிம்பு வரை போகும். இருபத்திரண்டு குடும்பங்களுக்கு இருபத்திரண்டு துண்டுகள். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. எவன் துண்டில் எல்லை துடைத்து வைத்ததுபோல் தெரிகிறதோ அவன் இருக்கிறான் என்று பொருள். புல் மண்டிவிட்டால் ஊர்க்கூட்டத்தில் யாராவது ஒருத்தர் தொண்டையைக் கனைப்பார். ரோஃபினாவின் புருஷன் ஸ்தானிஸ் கடல் கடந்து கலிமந்தானுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வேலைக்குப் போய் ஆறு வருஷமாகிறது. அந்த ஆறு வருஷமும் யாரும் தொண்டையைக் கனைக்காதபடி அவள் பார்த்துக்கொண்டாள். கொழுந்தன்மார் இருவரும் கனைக்கத் தயாராகத்தான் இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று ஊர்த்தலைவர் பொனிஃபாஸ் சொன்னது இதுதான். கீழே நீர்த்தேக்கம் கட்டப் போகிறார்கள். பள்ளத்து நிலம் முழுக்கத் தண்ணீருக்குள் போகும். அதற்குப் பதிலாக மேல்மேட்டில் அவரவர்க்கு மாற்று நிலம் உண்டு. வியாழக்கிழமை மாவட்டத்திலிருந்து அளக்க ஆட்கள் வருகிறார்கள்.

"புஞ்சை சுத்தமா இருக்கணும். எல்லை பளிச்சுனு தெரியணும். புதர்க்காட்டைக் காட்டி ஊர் மானத்தை வாங்கிடாதீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். விருந்தாளி வருகிறான் என்றால் வாசலைப் பெருக்காமல் விடுவார்களா? நிலத்தைப் பார்க்க வருகிற விருந்தாளிக்கு நிலத்தைப் பெருக்கி வைப்பதுதானே மரியாதை. ஞாயிறு மதியமே பள்ளத்தில் அரிவாள் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

ரோஃபினா மக்காச்சோளத்தை இரண்டு வாரம் முன்பாகவே ஒடித்தாள். கதிர் இன்னும் கொஞ்சம் காய்ந்திருக்கலாம். பரவாயில்லை, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் புகையில் காய்ந்துவிடும். தட்டையை வெட்டிக் குவித்து எரித்தாள். மொச்சைக் கொடியை உருவி எடுத்தாள். மரவள்ளிக்கு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது, இன்னும் மூன்று மாதம் விட்டால் கிழங்கு தொடைப் பருமனுக்கு வரும். ஆனால் அது வரிசையாக எல்லையை மறைத்துக்கொண்டு நின்றது. மேல்பாதையிலிருந்து பார்க்கிறவனுக்கு அவள் துண்டு எங்கே முடிகிறது, தீதுஸின் துண்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆகவே அதையும் பிடுங்கச் சொன்னாள். கல் பொறுக்கினாள். பொறுக்கிய கல்லையும் அங்கே குவிக்காமல் கூடையில் சுமந்து ஓடையில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

தீதுஸும் அன்று வேலைக்கு வந்திருந்தான். ஸ்தானிஸுக்குப் பங்காளி முறை, ரோஃபினாவை மதினி என்பான். ஊரில் அவனை விடச் சோம்பேறி கிடையாது. அவன் துண்டில் மரவள்ளி தன்பாட்டுக்கு முளைத்துத் தன்பாட்டுக்கு முற்றிக் கிடந்தது. நடுவில் பறவை போட்ட விதையில் பப்பாளி, யாரோ எறிந்த கிழங்கில் வாழை, மீதிக்கு ஆள் உயரப் புல்.

"உன் காட்டையும் கொஞ்சம் வெட்டி விடேன்டா. என் எல்லைக்கு அசிங்கமா இருக்கு" என்றாள் ரோஃபினா.

"வெட்டலாம் மதினி. இந்த முதுகுதான் சம்மதிக்க மாட்டேங்குது."

"கள்ளு இறக்குற மரத்துல ஏறுறப்போ மட்டும் அந்த முதுகு எங்க போவுது?"

"அப்போ அது வீட்லயே இருந்துக்கும்" என்றான் தீதுஸ். அவனை வைத்துச் சிரித்துக்கொண்டே வேலை பாதி முடிந்துவிட்டது.

மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது பொனிஃபாஸ் அந்த வழியாக வந்தார். கால்சட்டை முழங்கால் வரை மண்ணாக இருந்தது. ரோஃபினா எழுந்து இலை போட்டாள். சோளச்சோறு, மரவள்ளிக் கீரை, கருவாடு, மிளகாய்ச் சட்னி. அவர் நன்றாகச் சாப்பிட்டார். எடெல் மட்டும் சோற்றுக்கு வராமல் கீழே மீதி மரவள்ளியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கள் ஒரு குவளை வாங்கிக் குடித்தார். எழுந்து நின்று புஞ்சையை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"இப்படித்தான் இருக்கணும்" என்றார். "ஸ்தானிஸ் வந்து பாத்தா அசந்துபோயிருவான்."

அந்த ஒரு சொல்லில் ரோஃபினாவுக்கு இடுப்பு வலி போய்விட்டது. இருட்டுவதற்குள் கடைசிச் சாம்பலையும் அள்ளிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் மேல்பாதையில் நின்று திரும்பிப் பார்த்தாள். பள்ளத்தில் அவளுடைய துண்டு மட்டும் தனியாகத் தெரிந்தது. செம்மண் நிறத்தில், ஒரு செத்தை இல்லாமல், இரண்டு எல்லைகளும் நடுக்கட்டையிலிருந்து நூல் பிடித்ததுபோல் விரிந்து கிடந்தன. கைப்பேசி இருந்தால் படம் பிடித்து ஸ்தானிஸுக்கு அனுப்பியிருப்பாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஊர் முழுக்கப் பள்ளத்து விளிம்பில் வந்து நின்றது. பத்தரைக்குத்தான் அளக்கிறவர்கள் வந்தார்கள். மூன்று பேர். முக்காலியில் நிற்கிற கருவி ஒருவன் கையில், நாடாச் சுருளும் குறிச்சீட்டுகளும் இன்னொருவன் கையில். எழுதுகிறவர் பெயர் பிரசெத்தியோ. ஜாவாக்காரர், முப்பது வயது இருக்கும். எல்லோரையும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிட்டார். பொனிஃபாஸ் அவர் கழுத்தில் ஒரு கைத்தறிச் சால்வையைப் போட்டார். வேலை பொனிஃபாஸின் துண்டிலிருந்து ஆரம்பித்தது.

அங்கே மரக்கன்றுகள் நின்றன. இடுப்பு உயரத்துக்குத் தேக்கும் மகோகனியும், இரண்டு முழத்துக்கு ஒன்றாக, வரிசை தப்பாமல். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மண் ஈரமாக இருந்தது.

"இவரு மொச்சைதானே போட்டிருந்தாரு?" என்றாள் எடெல் மெதுவாக.

"மொச்சை வளந்து மரமாயிருச்சு போல" என்றான் பின்னால் நின்ற தீதுஸ்.

சீட்டுக்காரன் ஒவ்வொரு கன்றிலும் எண் போட்ட சீட்டைக் கட்டிக்கொண்டே போனான். இருநூற்று நாற்பது. பிரசெத்தியோ எழுதினார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீருக்குள் போகப்போகிற நிலத்தில் எதற்கு மரம் நட்டார் என்று மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்தடுத்த நான்கு துண்டுகளில் இரண்டில் சீட்டுக் கட்டினார்கள், இரண்டில் கட்டவில்லை. தூரத்தில் நின்றதால் ரோஃபினாவுக்கு என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பிறகு தீதுஸின் துண்டுக்கு வந்தார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு புல்லை விலக்கி வழி காட்டினான்.

"மரவள்ளி எத்தனை மூடு இருக்கும்?" என்று பிரசெத்தியோ கேட்டார்.

"நானும் எண்ணினதில்ல சார். உள்ள போயே ரொம்ப நாளாச்சு."

ஊரே சிரித்தது. அவர்களே எண்ணினார்கள். மரவள்ளி நூற்றுத் தொண்ணூறு, வாழை முப்பத்து நான்கு, பப்பாளி பதினொன்று.

"பப்பாளி நான் நடலை சார். அது தானா வந்துச்சு" என்றான் தீதுஸ்.

"தானா வந்தாலும் நிக்குதுல்ல. நின்னாச் சரி" என்று எழுதிக்கொண்டார் அவர்.

பிறகு ரோஃபினாவின் முறை. அவள் பொட்டிப் புடவைபோல் எடுத்து வைத்திருந்த நெய்த கைலியைக் கட்டிக்கொண்டு, தலைமுடியை இறுக்கி முடிந்து, தன் எல்லையில் நேராக நின்றாள்.

"நிலம் யார் பேர்லம்மா?"

"பேர்ல எல்லாம் இல்ல சார். எங்க வீட்டுக்காரருக்கு ஊரு பிரிச்சுக் குடுத்தது. ஸ்தானிஸ்னு எழுதுங்க."

"அவர் வரலையா?"

"கலிமந்தான்ல இருக்காரு. நான் இருக்கேன்ல."

கருவிக்காரன் மூன்று மூலையையும் குறித்துக்கொண்டான். மற்ற துண்டுகளில் புதரை விலக்கி நடக்க வேண்டியிருந்தது, இங்கே அவன் விசிலடித்துக்கொண்டே நடந்தான். சீட்டுக்காரன் சீட்டை வெளியே எடுக்கவேயில்லை. பிரசெத்தியோ தாளைப் பார்த்துத் தனக்குத்தானே வாசிப்பதுபோல் சொன்னார்.

"நிற்கும் பயிர், இல்லை. மரம், இல்லை. கட்டடம், இல்லை. காலி."

ரோஃபினாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

"காலி இல்ல சார். சுத்தமா வச்சிருக்கோம். நீங்க வர்றீங்கன்னுதான்."

"புரியுதும்மா. ஆனா இந்தத் தாள்ல நிலத்து மேல என்ன நிக்குதுன்னுதான் கேக்குது. பயிர் நிக்கிற நிலத்துக்குத்தான் மேல்மேட்டுல மாத்து நிலம். ஒண்ணும் நிக்கலைன்னா அது யாரும் உழாத அரசாங்க நிலம்னு கணக்கு."

"யாரும் உழாத நிலமா?" அவள் காலால் மண்ணைக் கிண்டிக் காட்டினாள். "இந்த மண்ணைப் பாருங்க. உழாத மண்ணு இப்படியா பொலபொலன்னு இருக்கும்? முந்தா நாள் வரைக்கும் இங்க சோளம் நின்னுச்சு. மரவள்ளி நின்னுச்சு. இதோ காப்பி நிக்குது, பதினேழு செடி. வேரெல்லாம் உயிரோட இருக்கு. ரெண்டு மாசத்துல துளிர்க்கும்."

பிரசெத்தியோ குனிந்து நாடாவை எடுத்து ஒரு காப்பிக் கட்டையில் வைத்து அளந்தார். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்.

"ஒரு மீட்டர் இருக்கணும்மா" என்றார். அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

ரோஃபினா திரும்பி மேட்டில் ஏறினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் போய் அடுப்புக்கு மேலே கட்டியிருந்த சோளக் கொத்துகளை அறுத்து இறக்கினாள். கிழங்குக் கூடையைத் தலையில் வைத்தாள். மூச்சிரைக்க இறங்கி வந்து எல்லாவற்றையும் பிரசெத்தியோவின் காலடியில் கொட்டினாள். தோலோடு பின்னிய கதிர்கள், மண் காயாத கிழங்குகள், மொச்சை நெற்று.

"எண்ணுங்க" என்றாள். "தீதுஸ் காட்டுல பப்பாளியை எண்ணினீங்கள்ல. இதையும் எண்ணுங்க. இதெல்லாம் இந்த மண்ணுல வந்தது. ஊரு மொத்தமும் நிக்குது, கேளுங்க."

"அம்மா, இது நிலத்து மேல நிக்கலையே."

"நீங்க வர்றீங்கன்னு நான்தான் சார் பிடுங்கினேன். உங்களுக்கு மரியாதை பண்ணுறதுக்குப் பிடுங்கினேன்."

அவர் கைப்பேசியில் கிழங்கை ஒரு படம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் சீட்டுக் கட்டாத துண்டுக்காரர்களுக்கும், இனி அளக்க வேண்டிய வெறும் துண்டுக்காரர்களுக்கும் விஷயம் உறைத்தது. ஒன்பது துண்டுகள். எல்லாம் இந்த நாலு நாளில் முறைவேலையில் பெருக்கித் துடைத்த துண்டுகள். கூட்டத்தில் சத்தம் எழுந்தது. ரோஃபினாவின் கண் மட்டும் பொனிஃபாஸின் கால்சட்டையில் போய் நின்றது. இன்று துவைத்துத் தேய்த்திருந்தார். செவ்வாய்க்கிழமை அதில் முழங்கால் வரை மண் இருந்தது.

"தலைவரே, கன்னு எப்போ நட்டீங்க?"

"அது நட்டு ரொம்ப நாளாச்சு."

"குழியில ஈரம் காயல."

"குரலத் தாழ்த்திப் பேசு, ரோஃபினா. விருந்தாளிங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அவங்களும் கேக்கட்டும். நின்னாத்தான் கணக்குன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். பத்து நாளில் தேர்தல் என்றால் வேறு மாதிரி பேசியிருப்பார். தேர்தல் முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"முதல்ல போன்ல சொன்னப்போ, அளக்குறதுக்குத் தோதா நிலத்தைத் திருத்தி வைங்கன்னுதான் சொன்னாங்க. நான் அதைத்தான் சொன்னேன். இந்தத் தாளு திங்கக்கிழமைதான் வந்துச்சு. வீடு வீடாப் போய்ச் சொல்ல எனக்கு நேரம் ஏது?"

"கன்னு நட நேரம் இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ரோஃபினா அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை என் புஞ்சையில உக்காந்து சாப்பிட்டீங்க. நான்தான் இலை போட்டேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்போ எடெலக்கா மரவள்ளியைப் பிடுங்கிக்கிட்டு இருந்தா. உங்க கண்ணு முன்னாடி. பாதி அப்போ நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? வாய்க்குள்ள என் சோறு இருந்துச்சா?"

"பொம்பளைக்கு இவ்வளவு வாய் ஆகாது."

"இப்படித்தான் இருக்கணும்னு சொன்னீங்க. வீட்டுக்காரர் அசந்துபோயிருவாருன்னு சொன்னீங்க. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்." அவளுக்குக் குரல் உடைந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். காலடியில் கிடந்த மரவள்ளிக் கிழங்கை எடுத்து அந்தத் தேய்த்த சட்டையில் வீசினாள். நெஞ்சில் பட்டு மண் அப்பியது. இரண்டாவது கிழங்கை எடுப்பதற்குள் எடெல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரசெத்தியோ தாளை நீட்டினார். மறுப்பு இருந்தால் பதினான்கு நாளுக்குள் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், இப்போதைக்கு அளந்ததற்கு ஒரு கையெழுத்து போடுங்கள் என்றார்.

"காலின்னு எழுதின தாள்ல நான் கை வைக்க மாட்டேன்."

"அப்போ உரிமையாளர் வரலைன்னு எழுத வேண்டியிருக்கும்மா."

"நான் உங்க முன்னாடிதானே நிக்கிறேன்."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார். வெயில் ஏறியிருந்தது, அவர்களுக்கு இன்னும் பதினைந்து துண்டுகள் பாக்கி இருந்தன. எடெலின் துண்டில் சோளம் முழுதாக நின்றது. வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போன முறை அதைக் காப்பாற்றியிருந்தது. சீட்டுக்காரன் அங்கே எண்ணிக்கொண்டிருந்த நேரம் முழுக்க எடெல் தன் நிலத்துக்குள் கால் வைக்காமல் ரோஃபினாவின் பக்கத்திலேயே நின்றாள்.

"உன் முறையை நான் வாங்காம இருந்திருந்தா" என்றாள் ரோஃபினா.

"நான் குடுக்காம இருந்திருக்கணும்டி."

எடெல் குனிந்து, கொட்டிக் கிடந்த கிழங்குகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டாள்.

மாவட்ட அலுவலகத்துக்கு லாரியில் ஐந்து மணி நேரம். ரோஃபினா இரண்டு முறை போனாள். முதல் முறை மறுப்பை எழுதிக் கொடுக்க உரிமையாளர் வர வேண்டும் என்றார்கள். புருஷன் வரலைன்னுதானே எழுதியிருக்கீங்க, அந்த வராத ஆளை எங்கிருந்து கொண்டு வர்றது என்று கேட்டாள். அவர் கையெழுத்தாவது வேண்டும் என்றார்கள். கோயில் சாமியாரின் கைப்பேசியில் ஸ்தானிஸைப் பிடித்து, அவன் கலிமந்தானில் ஒரு கடையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தாளை அச்செடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனாள். அதற்குள் பதினாறு நாள் ஆகியிருந்தது, கெடு தாண்டி இரண்டு நாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோப்பில் பிரசெத்தியோ எடுத்த கிழங்குப் படமும் இருந்தது.

"கிழங்கு இருக்கு சரி. அது உங்க நிலத்துல விளைஞ்சதுன்னு படத்துல எங்கம்மா தெரியுது?"

"பின்ன கடையில வாங்கியா அவர் கால்ல கொட்டினேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க இல்லையே" என்றாள் அந்தப் பெண். பொய்யில்லை. அடுத்த ஆள் வரட்டும் என்று எட்டிப் பார்த்தாள். ரோஃபினா ஜன்னலை விட்டு நகராமல் நின்றாள். காவலாளி வந்து முழங்கையைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள். திரும்பி வருகிற லாரியில் ஐந்து மணி நேரமும் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

மழைக்காலத்துக்கு முன்பே இயந்திரங்கள் வந்துவிட்டன. மாற்று நிலம் கிடைத்தவர்கள் மேல்மேட்டுக்கு ஏறியிருந்தார்கள். பொனிஃபாஸுக்குச் சாலையோரமாக, தண்ணீர்க் குழாய் போகிற இடத்தில் கிடைத்திருந்தது. தீதுஸுக்கும் ஒரு நல்ல துண்டு. அவன் இரண்டு முறை ரோஃபினாவின் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனான். மூன்றாம் முறை வந்தவன், "பாதியை நீங்க பயிர் பண்ணுங்க மதினி, என் முதுகுதான் உங்களுக்குத் தெரியுமே" என்றான். ரோஃபினா அவனைத் திட்டி அனுப்பினாள். அவன்மேல் கோபமில்லை, ஆனால் திட்ட வேறு யாரும் வாசலுக்கு வரவில்லை.

ஒரு நாள் காலை ரோஃபினாவும் எடெலும் விறகுக்குப் போய்த் திரும்பும்போது பள்ளத்தில் லாரிச் சத்தம் கேட்டது. மஞ்சள் நிறத் தோண்டும் இயந்திரம் ஒன்று அவள் புஞ்சையின் நடுவில் நின்றது. பக்கத்தில் ஒரு லாரி. நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய்க்கு முளை அடிக்க ஓட்டுநர் தேர்ந்தெடுத்த இடம் காப்பிக் கட்டைகள். அவற்றில் துளிர் வந்திருந்தது. கட்டைக்கு நாலு துளிர், விரல் நீளத்துக்கு, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுப்பாக. கயிற்றை அவற்றின் மேலேயே சுற்றியிருந்தான்.

ரோஃபினா விறகுக் கட்டைக் கீழே போட்டுவிட்டு இறங்கினாள். எடெல் பின்னாலேயே போனாள். ஓட்டுநர் நாற்பது வயதுக்காரன், நல்ல மாதிரி. பெண்களைப் பார்த்ததும் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இந்த ஊர்தானா அக்கா? இந்த இடத்தைத் திருத்தினது நீங்களா?"

ரோஃபினா கயிற்றுக்கு அடியில் கிடந்த துளிர்களைப் பார்த்தாள்.

"சும்மா சொல்லக் கூடாது. எங்க போனாலும் வண்டி நிறுத்த இடம் திருத்துறதுக்கே எங்களுக்கு ரெண்டு நாள் ஆகும். உங்க தலைவர்தான் இங்க நிறுத்திக்கங்கன்னு காட்டுனாரு. பெருக்கி வச்ச மாதிரி இருக்கு. எத்தனை பேர் செஞ்சீங்க?"

"பதினாலு பேர்" என்றாள் எடெல்.

"அடேயப்பா. அப்போ கம்பெனிக்காரன் ஆளுக்கு எவ்வளவு கூலி குடுத்தான்?"

எடெல் தரையைப் பார்த்தாள். ரோஃபினா அவன் முகத்தையே பார்த்தாள். கிண்டல் செய்கிறானா என்று தேடினாள். அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான்.

"கூலி ஒருத்தனும் குடுக்கல" என்றாள். "பதினாலு பேருக்கும் சோறு போட்டது நான். உங்க தலைவர்னு சொன்னீங்கள்ல, அவனுக்கும் சேத்துப் பதினஞ்சு."

ஓட்டுநர் சிரித்து வைப்பதா வேண்டாமா என்று ஒரு நொடி நின்றான். அதற்குள் மேல்பாதையில் இரண்டாவது லாரி வந்து நின்று ஒலியெழுப்பியது. எண்ணெய்ப் பீப்பாய்கள் ஏற்றிய லாரி. பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். ரோஃபினா அது வருகிற வழியிலேயே நின்றாள். ஒலி மறுபடி கேட்டது, மறுபடியும் கேட்டது, அவள் நகரவில்லை. எடெல் அவள் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து எல்லைக்கு வெளியே இழுத்தாள். அவள் குதிகால் இரண்டும் பொலபொலத்த மண்ணில் கோடு போட்டுக்கொண்டு வந்தன.

ஓட்டுநர் புஞ்சையின் நடுவில் ஓடி நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"வா, வா, அப்படியே வா. பயப்படாம வா. ஒரு கல்லுகூட இல்ல."